பிளஸ் டூவில் மேத்ஸ் எடுக்காதவர் ஆன்லைன் பிபிஏ சேரலாமா? உள்ளே வரும் கணக்கை எப்படித் தாண்டுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு (ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுப்பவருக்கு) உதவியாளராக இருக்கும் ஒரு அம்மிணி கேட்டிருக்கிறார். பத்தாவதில் கணக்குப் பாடம் தட்டுத்தடுமாறித்தான் பாஸ். பிளஸ் டூவில் கணக்கு இல்லாத காமர்ஸ் குரூப். வேலையை விடாமல் ஆன்லைனில் பிபிஏ படிக்க ஆசை. மேத்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களா, சேர்ந்துவிட்டால் உள்ளே என்ன கணக்கு வரும், அதை எப்படிப் பாஸ் பண்ணுவது என்பது முதல் சந்தேகம். துபாயில் இருக்கும் மாமா பையன் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் படிப்பைச் சொல்கிறாராம். அங்கே 'காலேஜ் அல்ஜீப்ரா' கட்டாயமாம், அது என்ன என்பது இரண்டாவது.

சேரலாங்க. நம் நாட்டில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பிபிஏவுக்குக் கேட்பது பிளஸ் டூ அல்லது அதற்குச் சமமான தேர்ச்சி மட்டும்தான். எந்தக் குரூப்பாக இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். விண்ணப்பக் குறிப்பேட்டில் தகுதி என்ற தலைப்பின் கீழ் 'எனி ஸ்ட்ரீம்' என்று இருந்தால் உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. 'வித் மேத்தமேட்டிக்ஸ்' என்றோ 'பிசினஸ் மேத்தமேட்டிக்ஸ்' என்றோ சேர்த்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்படிக் கேட்பவை குறைவு. டெல்லி பக்கம் சில வணிகப் படிப்புகள் அந்த வகை.

ஆனால் சேர்க்கையில் கணக்கு கேட்கவில்லை என்பதற்காக, படிப்பிலும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. என்னிடம் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். பிபிஏவில் கணக்கு வாசலில் நிற்பதில்லை, முதல் வருஷத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்கு 'மேத்தமேட்டிக்ஸ் ஃபார் மேனேஜ்மென்ட்' என்ற தாளின் பெயர் நன்றாகத் தெரியும். வேறு பல்கலைக்கழகங்களில் 'பிசினஸ் மேத்தமேட்டிக்ஸ்', 'பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்', 'குவாண்டிடேட்டிவ் டெக்னிக்ஸ்' என்று பெயர் மாறும், உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றேதான். இதோடு கணக்குப்பதிவியல், காஸ்ட் அக்கவுண்டிங், நிதி மேலாண்மை, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் ஆகியவற்றிலும் எண்களோடு பழக்கம் வேண்டும். எச்ஆர் எடுத்தாலும் சரி, மார்க்கெட்டிங் எடுத்தாலும் சரி, முதல் மூன்று நான்கு செமஸ்டர் பொதுத் தாள்கள் எல்லோருக்கும் உண்டு. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் முழுப் பாடத்திட்டத்தையும் இறக்கி, எந்தெந்த செமஸ்டரில் கணக்குத் தாள் வருகிறது என்று பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள்.

அங்கீகார விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப் இணையதளத்தில், நீங்கள் சேரப்போகும் கல்வியாண்டுக்கு, அதே பல்கலைக்கழகம், அதே படிப்பு, 'ஆன்லைன்' முறையிலேயே அனுமதி பெற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைதூரக் கல்வி அனுமதி வேறு, ஆன்லைன் அனுமதி வேறு. 2024 முதல் சேர்க்கைக்கு டெப் ஐடி, அதாவது அந்தப் பிரிவு மாணவருக்குத் தரும் அடையாள எண், கட்டாயம். அதை எடுக்க முதலில் டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி (படிப்பில் வாங்கும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்) வேண்டும். இரண்டையும் நீங்களே உங்கள் போனில் எடுத்துக்கொள்ளலாம், அதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2024-25 முதல் பிபிஏ படிப்பு தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் வரம்புக்குள்ளும் வந்துவிட்டது, அந்த அனுமதியையும் கேளுங்கள். முறையான அனுமதியோடு ஆன்லைனில் வாங்கும் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

இனி கணக்குக்கு வருவோம். அதுதான் உங்களை அரிக்கிற விஷயம்.

நம் ஊர்ப் பக்கம் பத்தாவது மார்க்கைப் பார்த்துக் குரூப் பிரிக்கும்போதே ஒரு பிள்ளையின் நெற்றியில் 'இதுக்குக் கணக்கு வராது' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எழுத்தைச் சுமந்துகொண்டு பத்து வருஷம் கழித்தும் பயப்படுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஏனென்றால் அதே பிள்ளை கம்பெனியில் காஸ்டிங் ஷீட் போடுகிறது, கட்டிங் மாஸ்டரிடம் கன்சம்ப்ஷன் (துணி எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கு) பேசுகிறது, சனிக்கிழமை பீஸ் ரேட் சம்பளத்தை மனக்கணக்கில் சரிபார்க்கிறது. பிபிஏவின் முதல் கணக்குத் தாளில் பாதி இந்த வேலைதான், எழுதுகிற முறை மட்டும் வேறு.

ஒன்றை எடுத்துப் பார்ப்போம். ஒரு அரைக்கை டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி பிடிக்கும் என்று நீங்கள் தினமும் போடுகிற கணக்கு. உடம்பு நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆக 104. மார்பின் பாதிச் சுற்று 54, தையலுக்கு 4, ஆக 58. 104-ஐ 58-ஆல் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்கும் 2-ஆல் பெருக்கி, 160 ஜிஎஸ்எம்மால் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில்) பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் சுமார் 193 கிராம். இது ஒரு சூத்திரம். நீளத்துக்கும் அகலத்துக்கும் ஜிஎஸ்எம்முக்கும் பதிலாக எழுத்துகளைப் போட்டுவிட்டால் அதுவே இயற்கணிதம். எழுத்தைப் பார்த்ததும் கை நடுங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை, எண் வரப்போகிற இடத்தில் எழுத்து காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது 8 சதம் துணி வேஸ்டேஜ் என்று வையுங்கள். பலபேர் 193-ஐ 1.08-ஆல் பெருக்கி 208.4 கிராம் என்று போடுகிறார்கள். கேள்வி என்னவென்றால், அந்த 8 சதம் எதன் மீது? வாங்குகிற துணியில் 8 சதம் போய், மிச்சம் 92 சதம்தான் சட்டையாகிறது என்றால், 193-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும். வருவது 209.8 கிராம். ஒரு பீசுக்கு வித்தியாசம் ஒன்றரை கிராம்கூட இல்லை. 50,000 பீஸ் ஆர்டருக்கு அது 67 கிலோ துணி. கடைசி நேரத்தில் துணி பற்றாமல் போய், டையிங்குக்கு மறுபடி சின்ன லாட் ஓட்டி, ஷேடு மாறி நிற்கும் ஆர்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

'எதன் மீது சதவீதம்' என்கிற இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால், வணிகக் கணிதத்தின் முதல் அலகு முழுவதும் வசப்பட்டுவிடும். அடக்கவிலை 200 ரூபாய், 20 சதம் லாபம் வேண்டும் என்றால் விலை என்ன? அடக்கத்தின் மீது 20 சதம் என்றால் 240. விற்பனை விலையின் மீது 20 சதம் என்றால், 200-ஐ 0.8-ஆல் வகுத்து 250. முதலாவது மார்க்கப், இரண்டாவது மார்ஜின். தேர்வில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுத்தான் நிறையப் பேர் மார்க்கை விடுகிறார்கள். சரக்கு வாங்கும் பையரிடம் பேசும்போது மாற்றிப் போட்டால் பீசுக்கு 10 ரூபாய் போய்விடும்.

அடுத்து பிரேக் ஈவன், அதாவது லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் புள்ளி. இது கணக்குத் தாள், காஸ்ட் அக்கவுண்டிங், நிதி மேலாண்மை மூன்றிலும் வரும் என்பதால் இதில் நேரம் செலவழித்தால் வீண் போகாது. ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், மெஷின் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 1,20,000 ரூபாய் நிலையான செலவு. ஒரு பீஸ் தைத்தாலும் ஒரு லட்சம் பீஸ் தைத்தாலும் அது மாறாது. ஒரு பீசுக்கு ஆகும் மாறும் செலவு 110, விற்பது 150. எத்தனை பீசில் கையைக் கடிக்காமல் நிற்கும்? x பீஸ் என்று வைத்து, வரவும் செலவும் சமம் என்று எழுதுங்கள்: 150x = 110x + 1,20,000. இந்தப் பக்கத்து 110x-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோனால் 40x = 1,20,000. ஆக x = 3,000. அந்த 40 ரூபாய்தான் 'கான்ட்ரிபியூஷன்'. எட்டாம் வகுப்பு ஒருபடிச் சமன்பாடு இவ்வளவுதான் கேட்கிறது. இதையே வரைபடத்தில் இரண்டு கோடுகளாகப் போட்டு வெட்டும் புள்ளியைக் காட்டச் சொல்வார்கள். ஒருமுறை கட்டம் போட்ட தாளில் உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். வீடியோவில் பத்து முறை பார்ப்பதைவிட அது பதியும்.

வட்டிக் கணக்கு கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைப்போம். 'நூத்துக்கு ரெண்டு வட்டி' என்றால் மாதத்துக்கு 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதம் என்று சந்தைக்கு வரும் பாட்டிக்கும் தெரியும். ஆனால் பாடப்புத்தகம் கேட்பது அடுத்த படியை. 1,00,000 ரூபாய் பைனான்ஸ், 12 சதம் பிளாட் ரேட், 12 மாதத் தவணை என்றால், வட்டி 12,000 சேர்த்து மாதம் 9,333 ரூபாய் கட்டுவீர்கள். ஆறு மாதத்தில் அசலில் ஏறத்தாழ பாதி அடைந்துவிட்டது, ஆனால் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. குறையும் பாக்கியின் மீது கணக்கிட்டால் உண்மையான வட்டி வருஷத்துக்கு ஏறத்தாழ 21.5 சதம். இதைக் கண்டுபிடிக்கிற வழிதான் தவணைப் பங்கீட்டுத் தொகை (ஆன்யூவிட்டி), தற்போதைய மதிப்பு (பிரசண்ட் வேல்யூ) என்று வருகிற பாடம். டூ வீலர் தவணையோ மெஷின் லோனோ போட்டவர்கள் இந்தப் பாடத்தை விருப்பத்தோடு படிக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

புள்ளியியலில் பயப்படுகிறவர்கள் அதிகம், பயப்படத் தேவையில்லாததும் அதுதான். சராசரி, இடைநிலை, முகடு மூன்றும் பத்தாவதுக்குள்ளேயே படித்தவை. அடுத்து வருவதில் முக்கியமானது திட்ட விலக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன். இரண்டு தையல் லைன்களின் ஐந்து நாள் உற்பத்தியைப் பாருங்கள். முதல் லைன்: 480, 490, 500, 510, 520. இரண்டாவது: 380, 440, 500, 560, 620. இரண்டுக்கும் சராசரி 500தான். ஷிப்மென்ட் தேதி நெருக்கும்போது நீங்கள் எந்த லைனில் போடுவீர்கள்? யாரும் யோசிக்காமல் முதல் லைன் என்பார்கள். அந்த உள்ளுணர்வுக்கு எண் கொடுப்பதுதான் திட்ட விலக்கம். ஒவ்வொரு நாள் உற்பத்தியும் 500-லிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எடுத்து, வர்க்கப்படுத்தி, கூட்டி, 5-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். முதல் லைனுக்கு வர்க்கங்களின் கூடுதல் 1,000, ஐந்தால் வகுத்தால் 200, வர்க்கமூலம் ஏறத்தாழ 14.1. இரண்டாவதுக்கு 36,000, வகுத்தால் 7,200, வர்க்கமூலம் ஏறத்தாழ 84.9. சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு: முதல் லைனுக்கு 2.8 சதம், இரண்டாவதுக்கு 17 சதம். 'எது அதிகச் சீரானது?' என்று பெரிய மார்க்குக்குக் கேட்கும் கேள்வி இதுதான். கட்டம் போட்டு வரிசையாக எழுதினால் பிழை வராது, அவசரத்தில் கட்டத்தைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் கூட்டல் தப்புகிறது.

ஒட்டுறவும் (கோரிலேஷன்) தொடர்புப்போக்கும் (ரிக்ரஷன்) இதே வகை அட்டவணை வேலை. ஒட்டுறவுக் கெழு எப்போதும் -1க்கும் +1க்கும் நடுவில்தான் வரும். 1.3 என்று விடை வந்தால் எங்கேயோ கூட்டலில் தப்பு, திரும்பிப் போய்ப் பாருங்கள். நிகழ்தகவில் அடிப்படைக் கணக்குகள் போதும். அணிகளில் (மேட்ரிக்ஸ்) பெருக்கல், அணிக்கோவை, இரண்டு மூன்று மாறிகளுள்ள சமன்பாட்டைத் தீர்ப்பது வரைக்கும் வரும், விதிப்படி செய்தால் மார்க் உறுதி. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எல்லோரும் பெயரைப் பார்த்தே மிரளும் தாள், உண்மையில் பயிற்சி செய்தவருக்கு அதிக மார்க் தருவதும் அதுவே. மூன்று குடோனிலிருந்து நான்கு கடைக்கு எந்த வழியில் சரக்கு அனுப்பினால் லாரி வாடகை குறையும் என்பதுதான் போக்குவரத்துக் கணக்கு. வடமேற்கு மூலை முறை, வோகல் முறை எல்லாம் படிப்படியான செய்முறைகள், கூட்டல், கழித்தல், பெருக்கலுக்கு மேல் ஒன்றும் தேவையில்லை. நாமக்கல், சங்ககிரி லாரி பட்டறைகளைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் பொருளை விளக்கவே வேண்டியதில்லை.

வகையீடு, அதாவது டிஃபரன்ஷியேஷன், சில பல்கலைக்கழகங்களில் ஒரு அலகு வரும். முன்பின் படிக்காதவர்களுக்கு இது ஒன்றுதான் உண்மையிலேயே புதியது. முதல் முயற்சியில் இதை ஓரமாக வைத்துவிட்டு மற்ற அலகுகளில் பாஸ் மார்க்கை உறுதி செய்துகொண்டு, பிறகு இறுதிநிலைச் செலவு (இன்னொரு பீஸ் கூடுதலாகத் தயாரிக்க ஆகும் செலவு) கணக்கு மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

எதை வைத்துப் படிப்பது? தடிமனான கல்லூரிப் புத்தகத்தை முதலில் வாங்காதீர்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்ற இயல் இருக்கிறது. சதவீதம், லாப நட்டம், கூட்டு வட்டி எல்லாம் அதில். அங்கே தொடங்குங்கள். இருபத்து மூன்று வயதில் எட்டாம் வகுப்புப் புத்தகமா என்று கூச வேண்டாம், வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பட்டதாரிகளும் அதையேதான் புரட்டுகிறார்கள். பிறகு அதே புத்தகத்திலும் ஒன்பதாவதிலும் இயற்கணிதத்தை மட்டும் பாருங்கள். பத்தாவதில் இயற்கணிதம், எண்களும் தொடர்வரிசைகளும், புள்ளியியலும் நிகழ்தகவும் ஆகிய மூன்று போதும். வடிவியல், முக்கோணவியல், அளவியல் மூன்றையும் தைரியமாக விட்டுவிடுங்கள். பத்தாவதில் உங்களைப் பயமுறுத்தியது பெரும்பாலும் அவைதான், பிபிஏவில் அவற்றுக்கு வேலையில்லை.

அதன்பின் பதினொன்றாம் வகுப்பு 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' புத்தகம். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டு பதிப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் இறக்கி அருகருகே வைத்துப் படியுங்கள். இதுவே உங்களுக்கு முக்கியமான புத்தகம். அணிகளும் அணிக்கோவைகளும், நிதியியல் கணிதம், புள்ளியியலும் நிகழ்தகவும், ஒட்டுறவும் தொடர்புப்போக்கும், கடைசியில் செயல்முறைகள் ஆராய்ச்சி என்று ஐந்து இயல்களை முடித்தால் பிபிஏ கணக்குத் தாளில் பெரும்பகுதி முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசி இயலில் போக்குவரத்துக் கணக்கும் ஒதுக்கீட்டுக் கணக்கும் இருக்கின்றன, அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் புரிந்துகொண்டு, அதே கணக்கை ஆங்கிலப் பதிப்பில் ஒருமுறை போட்டுவிடுங்கள். தேர்வுத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், 'கோஎஃபிஷியன்ட் ஆஃப் வேரியேஷன்' என்று பார்த்ததும் கை தானாகக் கட்டம் போட வேண்டும்.

சேர்வதற்கு முன்பே இதைத் தொடங்குவது நல்லது. சேர்ந்த பிறகு ஒரே செமஸ்டரில் ஐந்தாறு தாள் வந்து நிற்கும், அப்போது எட்டாம் வகுப்புப் புத்தகத்துக்குத் திரும்ப நேரமிருக்காது. சேர்க்கை ஜனவரி, ஜூலை என்று வருஷத்தில் இரண்டு முறை நடக்கும். ஜூலையில் சேர நினைத்தால் பொங்கல் முடிந்ததும் புத்தகத்தைத் திறந்துவிடுங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து கணக்குப் போட முடியாது, முயலவும் வேண்டாம். அந்த நாட்களில் பஸ்ஸில் போகும்போது ஒரு வீடியோ பாருங்கள், கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் இருக்கின்றன. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் நோட்டும் பேனாவும் எடுத்து உட்காருங்கள். கணக்கைப் பார்த்துப் படிப்பது படிப்பே இல்லை, எழுதித்தான் வரும்.

தேர்வு முறை பற்றி. யுஜிசி விதிப்படி உள்மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30 சதம், செமஸ்டர் இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70 சதம். அசைன்மென்ட்டில் வாங்குகிற மார்க்கை வைத்து இறுதித் தேர்வை ஒப்பேற்ற முடியாது என்பது இதன் பொருள். ஆனால் கணக்குத் தாளில் அசைன்மென்ட்டை யாரிடமோ எழுதி வாங்குவது தன் காலை வெட்டிக்கொள்வது போல, அதில் வரும் கணக்கு வகைகளே இறுதியிலும் வரும். ஆன்லைன் தேர்வில் கேமரா முன்னால் எழுத வேண்டியிருக்கும். கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாமா, சாதாரணமா சயின்டிஃபிக்கா, தாளில் எழுதிப் படமெடுத்து ஏற்ற வேண்டுமா அல்லது கொள்குறி வகைக் கேள்வியா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கொள்குறி வகை என்றால் வேகம் வேண்டும். எழுதுகிற வகை என்றால் படிகளுக்கு மார்க் உண்டு, விடை தப்பினாலும் ஓரளவு கிடைக்கும். நீங்கள் எக்ஸலில் கெட்டிக்காரராக இருப்பீர்கள், ஆனாலும் தேர்வில் எக்ஸல் திறக்க முடியாது என்ற நினைப்போடு பயிற்சி செய்யுங்கள். வீட்டில் விடையைச் சரிபார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒருவேளை நீங்கள் ஆசைப்படும் இடம் பிளஸ் டூ கணக்கு கட்டாயம் என்று சொன்னால், அதற்கும் வழியுண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸில் கணிதத்தை மட்டும் தனிப் பாடமாக எழுதலாம், முழு பிளஸ் டூவையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. அந்தச் சான்றை ஏற்பார்களா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். வணிகத்தோடு டேட்டாவிலும் ஆர்வம் இருந்தால், சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்பு பிளஸ் டூவில் எந்தக் குரூப்பையும் ஏற்கிறது, பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் இருந்தால் போதும். நான்கு வாரம் பாடம் நடத்தி, அதில் தகுதித் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். அதன் கணக்கு பிபிஏவைவிடக் கடினம், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை முடித்தபின் யோசிக்கலாம்.

அமெரிக்கப் படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். அங்கே வணிகப் பட்டத்துக்குப் பொதுக் கல்விப் பகுதி என்று ஒன்று உண்டு, அதில் கணக்கு கட்டாயம். பெரும்பாலும் காலேஜ் அல்ஜீப்ரா, புள்ளியியல் இரண்டும் கேட்பார்கள், சில இடங்களில் பிசினஸ் கால்குலஸும் உண்டு. காலேஜ் அல்ஜீப்ரா என்பது பெயரளவில்தான் கல்லூரி. ஒருபடி, இருபடிச் சமன்பாடுகள், சார்புகளும் அவற்றின் வரைபடங்களும், பல்லுறுப்புக் கோவைகள், அடுக்குக்குறி, மடக்கை என்று நம் ஒன்பது முதல் பதினொன்று வரையிலான இயற்கணிதம்தான். மடக்கையைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். சேரும்போது பிளேஸ்மென்ட் தேர்வு ஒன்று வைப்பார்கள். அதில் குறைந்தால், பட்டத்துக்குச் சேராத அடிப்படை வகுப்புக்கும் கட்டணம் கட்ட நேரும். எனவே தயாராகாமல் அந்தத் தேர்வை எழுதாதீர்கள். அந்தப் பாடத்தைத் தேர்வெழுதியே கழித்துக்கொள்ளும் வழியும் உண்டு. காலேஜ் போர்டு நடத்தும் கிளெப் தேர்வில் காலேஜ் அல்ஜீப்ரா ஒரு தாள், 90 நிமிடம், மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 வாங்கினால் கிரெடிட் தரலாம், அதாவது அந்தப் பாடத்தை முடித்ததாகக் கொள்ளலாம் என்பது அமெரிக்கக் கல்விக் கவுன்சிலின் பரிந்துரை. ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம்.

ஆனால் மாமா பையனிடம் கேட்க வேண்டிய கேள்வி கணக்கைப் பற்றியது அல்ல. அந்த ஆன்லைன் பட்டத்துக்கு இங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா, இங்கே எம்பிஏ சேரவோ அரசு வேலைக்கோ செல்லுமா என்பதுதான். திருப்பூரிலேயே வேலை, திருப்பூரிலேயே வாழ்க்கை என்றால், பாதிக்கும் குறைவான செலவில் முடியும் நம் நாட்டுப் பட்டம் போதும் என்றே சொல்வேன். வெளிநாடு போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் பாருங்கள்.

'மேத்ஸே இல்லாத பிபிஏ வாங்கித் தருகிறோம், தேர்வை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று போனில் கூப்பிடும் ஆட்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். நாளைக்குப் பட்டம் செல்லாமல் போனால் மூன்று வருஷமும் காசும் போகும். பணம் உங்கள் கணக்கிலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

கணக்கைத் தவிர்ப்பதற்காகவே வேறு பட்டத்துக்கு மாறலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. தமிழோ வரலாறோ பிடித்துப் போய்ப் படித்தால் மிக நல்லது. ஆனால் உங்கள் ஆசை மெர்ச்சண்டைசராகி, பிறகு மேனேஜராவது. அந்த நாற்காலியில் உட்கார்பவர் பையர் கேட்கும் விலையை மேசையிலேயே உடைத்துப் பேச வேண்டும். பட்டத்தில் கணக்கைத் தவிர்த்தாலும் அங்கே தவிர்க்க முடியாது.

தனி டியூஷன் தேவையா என்றால், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒட்டுறவு வரை நீங்களே போய்ப் பாருங்கள். அதற்குள் எங்கே நின்றுவிடுகிறீர்களோ அந்த இடத்துக்கு மட்டும், பிளஸ் டூவுக்கு வணிகக் கணிதம் நடத்தும் ஆசிரியர் ஒருவரைப் பிடித்தால் போதும். அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி என்று எந்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் கேட்டால் ஒருவரைக் காட்டுவார்கள். போகும்போது உங்கள் கம்பெனிக் காஸ்டிங் ஷீட்டின் வெற்று நகல் ஒன்றை எடுத்துப் போங்கள், அதிலிருந்தே பாடம் நடத்தச் சொல்லுங்கள். தேர்வு அட்டவணை வந்த அன்றைக்கே கணக்குத் தாளுக்கு முந்தைய இரண்டு நாளுக்கு மேனேஜரிடம் லீவு சொல்லி வைத்துவிடுங்கள். ஷிப்மென்ட் வாரத்தோடு மோதினால் பிறகு கேட்டுக் கிடைக்காது.